எதிர் முகாமில் என் மச்சாள்

பொதுத்தேர்தலில் எதிர்க்கட்சியோடு சண்டை பிடிக்கலாம். நியமனத் தேர்தலில் சொந்தக் கட்சிக்குள், சொந்தச் சனத்தோடு, சில வேளை சொந்தக் குடும்பத்தோடுதான் சண்டை பிடிக்க வேண்டும். ஒரு தொகுதியில் கட்சியின் வேட்பாளர் யார் என்பதைக் கட்சி உறுப்பினர்களே வோட்டுப் போட்டுத் தீர்மானிக்கிற அந்தச் சின்னத் தேர்தலைத்தான் சொல்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் போன் எடுத்துத் திட்டு வாங்கியவர்கள், பனிக்குள் நின்று திறக்காத கதவைத் தட்டியவர்கள் எல்லோரும் என் இனத்தவர்கள். நீங்களும் அவர்களில் ஒருவர் என்றால் உங்களுக்கு இதில் எதுவும் புதிதாக இராது.

ஸ்காபரோவில் எங்கள் தொகுதியில் போன குளிர்காலத்தில் அப்படியொரு தேர்தல் வந்தது. மூன்று பேர் நின்றார்கள். வீடு விற்கும் ரகுநாதன், வழக்கறிஞர் மாதுரி, பிள்ளைகள் காப்பகம் நடத்தும் போலெற் என்ற ஜமேக்கா நாட்டுப் பெண். நான் ரகுநாதனின் முகாமில் வேலை செய்தேன். மாதுரியின் வியூகம் முழுவதையும் வகுத்தவள் தேவகி, என் கணவரின் தங்கை. எனக்கு மச்சாள்.

என் கணவர் மோசம் போய் இரண்டு வருடம். செத்தவீடு முடிந்த புதிதில் தேவகி கிழமைக்கு ஒருமுறை போன் எடுத்தாள். பிறகு மாதத்துக்கு ஒருமுறை. பிறகு தீபாவளிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு விளக்குப் படம். எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. சண்டை என்றால் சமாதானம் பேசுவதற்காவது ஒருநாள் சந்தித்திருப்போம்.

எந்த ஊர்?

ரகுநாதனின் அலுவலகம் ஒரு பிளாசாவில், சேலைக்கடைக்கு மேலே இருந்தது. நான் முதல்நாள் போனபோது வெள்ளைப் பலகையில் ஊர்ப் பெயர்களாக எழுதிக்கொண்டு நின்றார். எந்த ஊர்ச் சங்கம் யார் பக்கம், எந்தப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்கள் யார் பக்கம் என்று பிரிப்பதுதான் எங்கள் வியூகத்தின் முதல் வேலை. பேரைக் கேட்பதற்கு முன் என் ஊரைக் கேட்டார். மட்டக்களப்பு என்றேன். பலகையைப் பார்த்தார். பலகை முழுவதும் யாழ்ப்பாணத்து ஊர்கள். பேனையை மூடிவிட்டு, "உங்கட வீட்டுக்காரற்றை ஊர்?" என்றார். சொன்னேன். அந்த ஊர் ஏற்கனவே சிவப்பு வளையத்துக்குள் மாதுரி பக்கம் கிடந்தது. மச்சாளின் கைவேலை.

எந்தக் கணக்கிலும் வராத ஒருத்தியை வைத்து என்ன செய்வது என்று கொஞ்ச நேரம் யோசித்தார். எத்தனை மணி மட்டும் நிற்கலாம் என்று கேட்டார். எவ்வளவு நேரம் என்றாலும் நிற்கலாம் என்றேன். பிள்ளைகள்? மகன் ஒருவன், கல்கரியில். சமைக்கப் போகத் தேவையில்லையா? ஒரு ஆளுக்குச் சமைப்பதெல்லாம் ஒரு வேலையா என்றேன். அவருடைய முகம் மலர்ந்தது. ரகுநாதன் கெட்ட மனிதர் இல்லை, உண்மையான சந்தோஷத்தில்தான் சொன்னார்:

"அக்கா, வீட்டில உங்களைத் தேட ஒருத்தரும் இல்லையெண்டா, உங்களை மாதிரி ஒரு ஆள் எனக்குக் கிடைக்கவே கிடைக்காது."

மூன்று பேருக்கும் ஓம்

மல்வேர்னில் ஒரு வாடகை அடுக்குமாடியில் தம்பிஐயா என்றொரு பெரியவர் தனியாக இருந்தார். நான் போன முதல்நாளே கதவைத் திறந்து, கதிரை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி வைத்துத் தந்தார். இந்தத் தொழிலில் கதவு திறப்பதே பெரிய விஷயம் என்பது உங்களுக்குத் தெரியும். "ரகுவுக்கோ? பாப்பம், பாப்பம்" என்றார். அடுத்த கிழமை போனேன். "கிட்டத்தட்ட ஓம்தான்" என்றார். அதற்கடுத்த கிழமையும் அதே கிட்டத்தட்ட. ஒரு ஆள் உறுதியாகச் சொல்லிவிட்டால் அந்த வீட்டுக்கு நாங்கள் திரும்பப் போவதில்லை. ஊசலாடுகிறவர்களிடம்தான் போய்க்கொண்டே இருப்போம். எல்லா முகாமிலும் அதுதான் முறை.

நாலாவது தடவை போனபோது பிஸ்கட் தட்டுக்குக் கீழே மாதுரியின் துண்டுப்பிரசுரம் விரித்திருந்தது. பிரிட்ஜில் போலெற்றின் படம் ஒட்டியிருந்தது. எனக்குக் கொஞ்சம் கோபம் வந்துவிட்டது. "ஐயா, நீங்கள் மூண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஓமெண்டு சொல்லுறியளோ?" என்று நேரே கேட்டேன். மனிதர் வெட்கப்படவில்லை. என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினார்.

"பிள்ளை, ஒராளுக்கு வடிவா ஓமெண்டு சொல்லிப்போட்டா பிறகு ஒருத்தரும் வரமாட்டினம், இப்ப கிழமையில மூண்டு நாள் என்ர வீட்டுக் கதவு தட்டுப்படுது."

அங்கிள் இருக்கிறாரா?

ஒரு சனிக்கிழமை தடிமன் வந்து வீட்டில் படுத்திருந்தேன். வீட்டுப் போன் அடித்தது. அவர் காலத்துப் போன் அது. என் செல்போன் நம்பர்தான் எல்லோரிடமும் இருக்கிறது. ஆனாலும் அந்த இணைப்பை நான் வெட்டவில்லை. எடுத்தால், மாதுரியின் முகாமிலிருந்து ஒரு பெண்பிள்ளை. இங்கே பிறந்த பிள்ளை, பேச்சிலேயே தெரிந்தது. எழுதிக் கொடுத்ததை வாசித்தாள். "வணக்கம், கேன் ஐ ஸ்பீக் டு பாலச்சந்திரன் அங்கிள்?"

அவர் ஒரு காலத்தில் கட்சியில் சேர்ந்திருந்தார். உறுப்பினர் பட்டியலில் பேர் இன்னும் கிடந்திருக்கிறது. "அவர் இல்லை" என்றேன். பொய் இல்லையே. "ஓ, எப்ப வருவார்?" என்றாள். சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கதிரையில் நானும் இருந்திருக்கிறேன். இப்படி ஒரு பதில் வந்தால் அடுத்த நம்பரை அழுத்தக் கை வராது. பின்னால் பத்துப் பேர் சிரித்துக் கதைக்கிற சத்தம் கேட்டது. அதற்குள் எங்கேயோ தேவகியும் இருப்பாள். "தெரியாது பிள்ளை" என்றேன்.

"ஓகே அன்ரி, நோ வொரீஸ், அங்கிள் வந்த உடனே எங்களுக்கு ஒரு கோல் பண்ணச் சொல்லுங்கோ!"

கைக்கு வந்த சாமான்

திங்கட்கிழமை வாய் சும்மா இருக்காமல் இதை ரகுநாதனிடம் சொல்லிவிட்டேன். அவர் குடித்துக்கொண்டிருந்த கோப்பியைக் கீழே வைத்தார். "செத்த ஆக்களையும் கூப்பிடுகினம்! அதுவும் ஆர்? தேவகி! தன்ர சொந்த அண்ணனையே!" அதை அப்படியே வாட்ஸ்அப்பில் விட்டால் பின்னேரத்துக்குள் ஸ்காபரோ முழுக்கப் பரவும், கட்சிக்கும் ஒரு முறைப்பாடு போடலாம் என்றார். வியூகம் என்று பார்த்தால் அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. வேறொருத்தியின் புருஷனாக இருந்திருந்தால் அந்த வசனத்தை நானே எழுதிக் கொடுத்திருப்பேன்.

"உது வெளியில போனா நான் நாளைக்கு வரமாட்டன்" என்றேன். சொன்ன பிறகு எனக்கே பயமாக இருந்தது. நாளைக்கு வராவிட்டால் நான் போக வேறு இடம் இருக்கவில்லை. பொங்கல், கிறிஸ்மஸ் எல்லாம் அந்தச் சேலைக்கடை மாடியில்தான் எனக்குப் போனது. ரகுநாதன் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

"சரி அக்கா, விடுவம், ஆனா வெல்லுறதுக்கு உப்பிடி ஒரு சாமான் கைக்கு வந்து, அதைத் திருப்பி வைக்கிற ஆளை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன்."

இரண்டாவதாக யார்?

எங்கள் வோட்டுச் சீட்டில் ஒரு பேருக்குப் புள்ளடி போட்டால் போதாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்பப்படி இலக்கம் போடலாம். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் கடைசியாக வந்தவரைத் தூக்கிவிட்டு, அவருடைய சீட்டுகளில் இரண்டாவதாக யார் என்று பார்ப்பார்கள். ரகுநாதனுக்கு மாதுரிதான் பயம். ஆகவே எங்கள் ஆட்களிடம் நாங்கள் சொன்னது: ஒன்று ரகு, இரண்டு போலெற், மாதுரி பக்கம் பேனையே போகக்கூடாது. போலெற்றை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அவர் எப்படியும் கடைசி என்றுதான் நினைத்தோம்.

வெக்ஸ்போர்ட்டில் தையல்கடை வைத்திருக்கும் ஹனீபா நானாவிடமும் இதை விளங்கப்படுத்தினேன். அவர் மெஷினை நிறுத்தி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, பொறுமையாகக் கேட்டார். கடைசியில் சிரித்தார்.

"தங்கச்சி, நேத்து தேவகி வந்து ரகுவ ரெண்டாவதாவும் போட வேணான்னு சொல்லிட்டுப் போறா, இன்டைக்கு நீங்க வந்து மாதுரிய போட வேணாங்கிறீங்க, அப்ப நீங்க ரெண்டு பேரும் சேந்து எனக்கு அந்த ஜமேக்காப் பொம்பளையத்தானே காட்டித் தாறீங்க."

எண்ணும் மேசை

வோட்டெடுப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூட ஜிம் ஒன்றில். வெளியே மழையும் பனியும் கலந்து கொட்டியது. மூன்று முகாமும் பஸ் பஸ்ஸாக ஆட்களை இறக்கின. வோட்டு முடிந்ததும் ஒவ்வொரு முகாமிலிருந்தும் ஒருவரை எண்ணும் அறைக்குள் அனுப்பச் சொன்னார்கள். எங்கள் பக்கம் நான். அவர்கள் பக்கம் தேவகி. போலெற்றின் பக்கம் ஒரு வயதான மனிதர் வந்து மூலையில் கண்ணை மூடிக்கொண்டு இருந்துவிட்டார். எங்கள் போன்களை வாசலில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பெட்டிகள் வர நேரமெடுத்தது. நீண்ட மேசைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். இரண்டு வருடத்தில் அவளுக்குத் தலை நரைத்திருந்தது. மை பூசுவதை விட்டுவிட்டாள் போல. ஒரு இஞ்சி இனிப்பை எடுத்து மேசையில் என் பக்கமாகத் தள்ளினாள். எடுத்து வாயில் போட்டேன்.

எதையாவது கதைக்க வேண்டுமே. "உங்கட பிள்ளையொண்டு வீட்டுக்குப் போன் எடுத்தது. அவரைக் கேட்டது" என்றேன். குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. தேவகி யாரை என்று கேட்கவில்லை. நான் மேசையில் போட்ட இனிப்புத் தாளை எடுத்து மடித்து மடித்துச் சின்னதாக்கினாள்.

"லிஸ்ற்றில அண்ணான்ர பேரைக் கண்டனான் மச்சாள், வெட்ட எனக்கு மனம் வரேல்லை."

ஒரு குவியல் வளர்ந்தது

பெட்டிகள் வந்தன. ரகுநாதன் முதலாவது, ஆனால் பாதியைத் தொடவில்லை. இரண்டாவது மாதுரி இல்லை, போலெற். சின்ன வித்தியாசம்தான். நானும் தேவகியும் ஊர் ஊராகப் பங்கு பிரித்துக்கொண்டிருந்த காலத்தில் அந்த மனுசி தன் காப்பகத்துத் தாய்தகப்பன்மாரை ஒவ்வொருவராகச் சேர்த்திருக்கிறார். மாதுரி வெளியே. அவருடைய சீட்டுகளைத் திரும்ப எடுத்து, இரண்டாவதாக யார் என்று பார்த்துப் பிரித்தார்கள். போலெற். போலெற். போலெற். எப்போதாவது ஒன்று ரகு. தேவகியின் ஆட்கள் அவள் சொன்னதைத் தட்டாமல் செய்திருந்தார்கள். என் கண்முன்னால் மேசை நடுவே போலெற்றின் குவியல் வளர்ந்து எங்களுடையதைத் தாண்டியது. மூலையில் இருந்த பெரியவர் கண்ணைத் திறந்து பார்த்தார்.

தேவகி என்னிடம் மெல்லக் கேட்டாள், "ரகு வெளியில போயிருந்தா உங்கட ஆக்கள் எங்களுக்குப் போட்டிருப்பினமோ?" ஒருத்தரும் போட்டிருக்க மாட்டார்கள் என்றேன். ஒவ்வொருவருக்கும் நானே போன் எடுத்துச் சொன்னவள் அல்லவா. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்ப ரெண்டு பேரும் வேலையை வடிவாச் செய்திருக்கிறம், மச்சாள்."

காருக்குள்

ரகுநாதன் மைக்கில் எல்லோருக்கும் நன்றி சொன்னார். என் பேரையும் சொன்னார். பிறகு அவருடைய மனைவியும் பிள்ளைகளும் வந்து கட்டிப்பிடித்தார்கள். தோற்ற ஆட்களைக் கூட்டிக்கொண்டு போக அவரவர் வீட்டார் வந்திருந்தார்கள். நான் பஸ் தரிப்பில் போய் நின்றேன். தேவகியின் கார் வந்து நின்று கதவு திறந்தது. வழி முழுக்கக் கதைத்தோம். எந்த ஊர்ச் சங்கம் ஏமாற்றியது, எந்தக் கட்டடத்தில் அவள் எங்களை முந்தினாள், எதில் நான் அவளை முந்தினேன். இரண்டு வருடக் கதையை வோட்டுக் கணக்காகவே கதைத்து முடித்தோம். அவரைப் பற்றி ஒரு சொல் இல்லை, சுகம் விசாரிக்கவும் இல்லை. ஆனாலும் சிக்னலில் சிவப்பு விழுந்தபோதெல்லாம் எனக்கு நிம்மதியாக இருந்தது.

என் வீட்டுக்கு முன்னால் நிறுத்தினாள். "வாங்கோவன், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்றேன். தேவகி வீட்டைப் பார்த்தாள். மேலும் கீழும் ஒரே இருட்டு. அவளும் மணவிலக்குக்குப் பிறகு ஒரு சின்னக் கொண்டோ அடுக்குமாடி வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாள். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல், இன்னொருநாள் என்பதுபோலத் தலையசைத்தாள். நான் இறங்கிக் கதவைச் சாத்தப் போனபோது குனிந்து சொன்னாள்:

"வெளிக்கிடேக்க ஒரு லைற்றையாவது போட்டிட்டு வெளிக்கிடுங்கோ மச்சாள், திரும்பி வரேக்க ஆரோ உள்ளுக்கு இருக்கிற மாதிரி இருக்கும், நான் அப்பிடித்தான் செய்யிறனான்."

வென்றவருக்குத் தொகுதி கிடைத்தது, எனக்கு என் மாலை நேரங்கள் அத்தனையும் திரும்பக் கிடைத்திருக்கின்றன, அவற்றை என்ன செய்வதென்பதற்குத்தான் இன்னும் ஒரு வியூகமும் அகப்படவில்லை.