முன்வரிசையிலிருந்து பதின்மூன்றுக்கு

பிரெஞ்சு பேசும் எங்கள் ஊரான லாசாலில் பள்ளிக்கூடம் முடித்த காலத்திலிருந்து பதினைந்து பேர் ஆடும் ரக்பியில் நான் முன்வரிசைக்காரி. அதில் ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. இரண்டு அணியிலும் எட்டெட்டுப் பேர் தோள்களைக் கோத்துக் குனிந்து, எதிரணியின் தலைகளுக்கிடையே தலையைச் செருகித் தள்ளுவார்கள். முன்னால் நிற்பவர்களின் கழுத்தில்தான் அத்தனை பாரமும் இறங்கும்.

ஒரு மழைநாள் ஆட்டத்தில் அது சரிந்தது. என் முகம் சேற்றில், முதுகில் ஆட்கள். எழும்ப நினைத்தேன். கைகள் வரவில்லை. அவை இருக்கின்றனவா என்றே தெரியவில்லை. ஒரு நிமிடம்கூட ஆகியிராது. விரல் நுனிகளில் எறும்பு ஊர்வதுபோல் உணர்வு திரும்பியது. எழுந்து மிச்ச ஆட்டத்தையும் ஆடினேன். ஒருவரிடமும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து காலையில் கண் திறந்ததும் முதலில் விரல்களை அசைத்துப் பார்ப்பேன். எனக்கு டோர்வல் விமான நிலையத்தில் பயணப்பெட்டிகள் ஏற்றும் வேலை. ஒவ்வொரு பெட்டியின் பிடியையும் பற்றும்போது விரல்கள் மடங்குகின்றனவா என்று பார்ப்பேன்.

அடுத்த கோடையில் பதின்மூன்று பேர் ஆடும் ரக்பிக்கு மாறினேன். அங்கே ஸ்க்ரம் பெயருக்குத்தான். பெரிதாக யாரும் தள்ளுவதில்லை. வேகமான ஆட்டம் பிடித்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் ஒளியத்தான் போனேன். அங்கே வேறு பயம் காத்திருந்தது. எதிரணியினர் பத்து மீற்றர் தள்ளி நின்று ஓடிவந்து மோதுவார்கள். அந்தத் தூரம் முழுக்க யோசிக்க நேரம் கிடைக்கும். பழைய பழக்கத்தில், விழுந்தவளிடமிருந்து பந்தைப் பறிக்கப் பாய்ந்து, இந்த ஆட்டத்தில் அது தவறு என்பதால், நடுவரிடம் அடிக்கடி மாட்டிக்கொண்டேன்.

இரண்டு கோடைகள் போயின. பழைய அணியின் பயிற்சியாளர் அழைத்தார். முன்வரிசையில் ஆளில்லை, ஒரேயொரு ஆட்டம் என்றார். என் வாய் சம்மதித்துவிட்டது.

அன்று குசினியில் அம்மா கேட்டார்.

"ஏன் பிள்ளை எந்த நேரமும் விரலை ஆட்டிக்கொண்டு நிக்கிறாய்?"

"சும்மா அம்மா."

"சும்மா இல்லை. ரெண்டு வருசமாப் பாக்கிறன்."

சேற்றில் கைகள் வராமல் போனதையும், மறுபடி முன்வரிசைக்குச் சம்மதித்ததையும் சொன்னேன். அம்மா கதிரையில் இருந்துவிட்டார். ஏசவில்லை.

"பயமெண்டு அவையளுக்குச் சொன்னனியோ?"

"இல்லை."

"வாய் இருக்குத்தானே, சொல்லன்."

சொல்லாமலே களத்துக்குப் போனேன். முதல் இரண்டு ஸ்க்ரமும் தாங்கின. மூன்றாவதில் என் இடது தோள் கீழே போகத் தொடங்கியது. நெற்றி புல்லை நோக்கி இறங்கியது.

"கழுத்து! என்ர கழுத்து!"

தமிழில்தான் கத்தினேன். ஒருவருக்கும் சொல் விளங்கவில்லை, அலறல் விளங்கியது. நடுவர் விசில் ஊதியதும் எல்லோரும் பிடியை விட்டார்கள். என் கைகள் இரண்டும் இருந்தன.

ஓடிவந்த பயிற்சியாளரிடம், "இனி முன்வரிசையில் நிற்கமாட்டேன், எனக்குப் பயம்" என்றேன். பிரெஞ்சில் அதைச் சொல்ல எனக்கு நாக்குக் குழறியது. அவர் தன் மேலங்கியைக் கழற்றித் தந்தார். பதிலுக்கு இறக்க ஆளில்லாததால் மிச்ச ஆட்டம் தள்ளாத ஸ்க்ரமோடு நடந்தது. தோற்றோம். அணியில் ஒருத்தி இரண்டு வாரம் என்னோடு கதைக்கவில்லை.

அம்மா விடாமல் கழுத்தை ஸ்கான் எடுக்க வைத்தார். எலும்பில் பழுதில்லை, ஆனால் முன்வரிசை வேண்டாம் என்றார் மருத்துவர்.

இப்போது மறுபடியும் பதின்மூன்றில் ஆடுகிறேன். பந்தோடு ஒருத்தி ஓடிவரும்போது இன்னும் எனக்குப் பயம்தான். பக்கத்தில் நிற்பவளிடம் சொல்லிவிடுவேன். "எனக்கும்தான்" என்பாள் அவள். இருவருமாக முன்னே போவோம்.