அந்தமானிலும் கடை

கல்யாணமாகி இருபது வருடம் கழித்து, சுடலைராஜ் பெரிய மனசு பண்ணித் திருவொற்றியூர் மளிகைக் கடையைப் பூட்டிவிட்டு மனைவி ராமசெல்வியை அந்தமானுக்குக் கூட்டிவந்திருந்தார். பழைய ஜெயிலைச் சுற்றிப் பார்த்தபோதும் சரி, தேங்காய்ப்பால் ஊற்றிய இறால் குழம்பு மேசைக்கு வந்தபோதும் சரி, அவர் கண் செல்போனிலேயே கிடந்தது.

"பூட்டுன கடையில என்னத்தப் பாக்கிய?"

"எலி ஓடுது. நீயே பாரு."

திருடனுக்காக என்று சொல்லி அவர் மாட்டிய கேமராவின் படத்தை ராமசெல்வி அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். அதில் வாசலும் இல்லை, கல்லாவும் இல்லை. நட்டநடுவே அவள் உட்காரும் ஸ்டூல் மட்டும் இருந்தது.

கடையில் அவள் யாரிடம் பேசினாலும், குடோனில் இருக்கும் அவருக்குத் தெரிந்துவிடும். அவரிடம் கோள் மூட்டுகிறாள் என்று நினைத்து, எதிரே பூ விற்கும் பட்டம்மாளோடு அவள் பேச்சை நிறுத்தி இரண்டு வருடமாகிறது.