காட்டுப் பெரணியும் அக்கா வீட்டு வேனும்

காட்டுச் சாலைச் சோதனைச்சாவடியில் பதினோரு வருடமாக வேலை பார்த்த அவளுக்கு 'பூதக்கண்ணாடி' என்று பெயர். செடி ஏற்றிய எந்த வண்டியையும் அவள் சும்மா விட்டதில்லை.

அன்று காலை வந்தது அக்கா வீட்டுக்காரரின் வேன். நாற்பது தொட்டிகள். 'வெளிநாட்டு அழகுப் பெரணி' என்றது அனுமதிச் சீட்டு.

"நம்ம வண்டிதான், விடும்மா," என்ற அத்தான், வெயில் ஏறாத நேரத்தில் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அதுதான் அவளுக்கு உறுத்தியது.

ஓர் இலையைத் திருப்பினாள். கடையில் விற்கும் ரகத்துக்கு, முளைக்கும் தூள் அடங்கிய வித்துப்பை இலை விளிம்போரம் கோடாக ஓடும். இதிலோ நடுநரம்பின் இருபுறமும் வட்டப் புள்ளிகள், ஒவ்வொன்றின் மேலும் குடை மாதிரி மெல்லிய மூடி. காம்பின் அடி கறுப்பு. அதில் பொன்னிறச் செதில்கள். காட்டிலிருந்து பிடுங்கக் கூடாத பெரணியேதான்.

"அத்தான், இது நம்ம காட்டுச் செடியாச்சே?"

"உங்க அக்கா வளர்த்ததும்மா. சீட்டு எழுதினவன் மாத்தி எழுதிட்டான்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாரே என்று நினைத்தாள். வேனை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு, நேரே அக்கா வீட்டுக்குப் போனாள்.

பின்னறையில் கண்ணாடி மூடிய தட்டுகள். ஈர மண்ணில் விரல்நகம் அளவு பச்சை இதயங்கள். வித்திலிருந்து பெரணி முதலில் அப்படித்தான் முளைக்கும். பக்கத்துத் தட்டில் சுருள் விரியாத கன்றுகள். லென்ஸை வைத்துப் பார்த்தாள். அதே பொன்னிறச் செதில். அந்த நாற்பதும் இங்கே வளர்ந்தவைதான்.

"நாலு வருஷமா இந்த ரூம்லயே கிடக்கறேன்," என்றாள் அக்கா. "கூடப் பொறந்தவளையே சந்தேகப்படறியாடி?"

அவளுக்கு முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் கண் சும்மா இருக்கவில்லை. மூலையில் பழைய தொட்டியொன்றில், கிழங்கு முற்றிய பெரிய பெரணி. கிழங்கின் ஒரு பக்கம் கடப்பாரை பட்ட வெட்டு.

"தாய்ச்செடி எங்கேருந்து வந்துச்சுக்கா?"

அக்காவின் கையிலிருந்த தெளிப்பான் நின்றது. "அவருதான் கொண்டாந்தாரு. நானும் கேட்டுக்கல."

மேலதிகாரியிடம் நடந்ததைச் சொன்னாள். வளர்த்த நாற்பதும் திருத்திய சீட்டோடு போயின. காட்டிலிருந்து தோண்டிய தாய்ச்செடியைப் பறிமுதல் செய்து, அத்தான் மேல் அவளே வழக்கு எழுதினாள். செடி விற்க அவருக்கிருந்த உரிமம் ரத்தானது.

மறுவருடம் அக்கா தன் பெயரில் உரிமம் வாங்கினாள். இப்போது வேனில் அவளே வருகிறாள். அத்தான் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அக்கா மட்டும் தொட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, "சட்டுனு பாருடி, செடி வாடுது," என்கிறாள்.