முன் சீட்டில் ஒரு பல்செட்

இன்று சாயங்காலம் பாப்பாரப்பட்டி பஸ்ஸில், நாளைய வகுப்புக்காக ‘செட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எத்தனை அர்த்தம் என்று போனில் பார்த்துக்கொண்டு வந்தேன். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது.

நம்மிடம் மட்டும் குறைவா? பம்புசெட், செட் தோசை, ‘அவன் நம்ம செட்டு’, ‘அந்த வரன் செட்டாகல’.

முன் சீட்டில் வயதான கணவனும் மனைவியும். பெரியவர் துண்டால் வாயைப் பொத்தியிருந்தார். இன்றுதான் பல்செட் மாட்டியிருக்கிறார்கள் என்று பேச்சில் தெரிந்தது.

“துண்ட எடுங்க, யாரும் பாக்கல.”

“வேணாம் மாதம்மா. குதிர மாதிரி இருக்குது.”

அந்த அம்மா பையிலிருந்து வறுத்த கடலைப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். பெரியவர் பயந்து பயந்து ஒன்றைக் கடித்தார். உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. துண்டு மடிக்கு இறங்கியது.

“செட்டாயிடுச்சு மாதம்மா.”

அதற்குப் பிறகுதான் அந்த அம்மா ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். அத்தனை ஆசையாக யாரும் கடலை தின்று நான் பார்த்ததில்லை.

பெரியவர் திரும்பிப் பார்த்தார். “உனக்குத்தான் கடலன்னாலே புடிக்காதே?”

“உங்களுக்குப் பல்லு போனதுலருந்து புடிக்கலைங்க.”

பெரியவர் பொட்டலத்தை மனைவியின் மடியில் வைத்தார்.

நான் போனை அணைத்துவிட்டேன். எனக்குச் சர்க்கரை வந்த வருஷத்திலிருந்து எங்கள் வீட்டுக்காரருக்கு மைசூர்பாகு பிடிக்காது. இன்றுவரை நான் சந்தேகப்பட்டதே இல்லை.

உங்கள் வீட்டில் யாருக்கு என்ன பிடிக்காது? நன்றாக விசாரித்துவிட்டு வந்து சொல்லுங்கள்.