சுவருக்குள் ஒரு அறை

எழுபத்தெட்டில் நான் கட்டிடக்கலை மாணவன். மட்டாஞ்சேரியில் ஒரு பழைய சுக்குக் கிடங்கை அளந்து வரைவது கல்லூரியில் எனக்குத் தந்த வேலை. உள்ளளவும் வெளியளவும் ஒத்துவரவில்லை, நான்கடி இடித்தது. மூன்று நாள் அளந்து அலுத்துப்போய், வரைபடத்தில் ஒரு சுவரைத் தடியாக்கி மறைத்துவிட்டேன்.

மறுநாள் கிடங்கு முதலாளி வீட்டுக் கல்யாணக் கச்சேரி அங்கேயே நடப்பதாக இருந்தது. மிருதங்கக்காரர் மத்தியானமே வந்துவிட்டார். ஒல்லி உடம்பு, வலது கை விரல்களில் காய்ப்பு. எங்கே வாசிக்கப் போனாலும் முதலில் ஒருமுறை கைதட்டிக் கேட்பது அவர் வழக்கமாம். தட்டினார், தலையைச் சாய்த்தார். நேரே நான் தடியாக்கிய சுவரிடம் போய் விரல்களால் மெல்ல வாசித்துப் பார்த்தார்.

"இதுக்குப் பின்னால ஒரு அறையாக்கும். அடைச்சிருக்கா."

ஏணி வைத்துக் கூரையில் இரண்டு ஓடுகளை நீக்கினேன். அறை இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

அவர் என் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். "சத்தம் போற வழியெல்லாம் இதுல இருக்கே. எனக்கும் இதைப் படிக்கணும்னு தோணறது. சேர்த்துக்கறப்போ வயசு நோக்குவாளோ?"

"உங்களுக்கு எத்தனை?"

"இருபத்திமூணு."

"இருபத்திரண்டுக்கு மேல சேர்த்துக்கமாட்டா" என்றேன்.

"அப்படியா" என்று சிரித்தபடி மிருதங்கத்தின் உறையைக் கழற்றினார்.

எங்கள் கல்லூரியில் அப்படி ஒரு விதியே கிடையாது. அந்த அறையைக் கண்டுபிடித்ததற்காக வகுப்பில் எனக்கே முதல் மதிப்பெண் கிடைத்தது. ஆளில்லாத கட்டிடத்துக்குள் போனால் இன்றும் ஒருமுறை கைதட்டிப் பார்க்கிறேன். கைதட்டல் மட்டும்தான் கேட்கிறது.