மாதா காலடியில் சிவப்புக் காகிதப்பூ

இதை எழுதப் பல வருஷமாக எனக்குத் தைரியம் வரவில்லை.

யுத்த காலம். செஞ்சி கடைகளில் காகிதமே கிடைக்காது. மாதா திருநாளுக்காக வீட்டிலிருந்த பழைய காகிதங்களை வெட்டி, சாயத்தில் தோய்த்துப் பூ செய்துகொண்டிருந்தேன். படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டு ஆரோக்கியம், மகன் இருந்த பட்டாளத்திலிருந்து வந்த கடுதாசியோடு வந்தாள்.

“படிச்சி சொல்லுக்கா.”

“கையெல்லாம் சாயம். வெச்சிட்டுப் போடி.”

மறந்துபோய் அதையும் சேர்த்து வெட்டிவிட்டேன்.

திருநாளன்று பீடத்தில் பூ வைக்கும்போதுதான் ஓர் இதழில் பென்சில் எழுத்தைப் பார்த்தேன்: ‘உங்கள் மகனுக்கு நேற்று’. மீதி கத்தரியில் போயிருந்தது.

“கடுதாசில இன்னாக்கா போட்டிருக்குது?” பின்னால் ஆரோக்கியம்.

“நல்லா இருக்கானாம்.”

அவள் மண்டியிட்டு அந்தப் பூவையே முத்தமிட்டாள். உதட்டில் சிவப்பு ஒட்டியது.

அதன்பின் கடுதாசியே வரவில்லை. மாதாவிடம் தினமும் மன்னிப்புக் கேட்கிறேன். ஆரோக்கியத்திடம் கேட்கவே இல்லை. இதைப் பிறருக்குச் சொல்கிறவர்கள் என் பொய்யைக் குறைக்காமல் அப்படியே சொல்லுங்கள்.