அக்கரையில் ஒரு பிரதி

என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்பவர்களுக்கு ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லிப் பழகியிருந்தேன். ஜார்ஜ்டவுனில் எழுதப்படுவது மாக் மண்டினிலும் எழுதப்பட வேண்டும், அதைப் பார்த்துக்கொள்பவள் நான். உடனே "ஓ, பேக்கப்பா?" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பேக்கப் என்பது நேற்றைய சங்கதி, நாடாவில் சுற்றி அலமாரியில் வைப்பது. இது வேறு. பினாங்குத் தீவில், எங்கள் நிதி நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில், ஆள் உயரப் பெட்டி ஒன்றில் வாடிக்கையாளர் கணக்கெல்லாம் இருந்தது. பெட்டிக்குள் இருந்த இடத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் வால்யூம் என்று சொல்வோம். கடலுக்கு அந்தப் பக்கம், பட்டர்வொர்த்தின் மாக் மண்டின் தொழிற்பேட்டையில், அதே அளவில் இன்னொரு பெட்டி. இங்கே ஓர் எழுத்து விழுந்தால் அங்கேயும் விழும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். இரண்டும் ஜோடி. தீவில் தீப்பிடித்தாலும் அக்கரைப் பெட்டி எழுந்து நின்று வேலையைத் தொடரும், வாடிக்கையாளருக்கு எதுவும் தெரியாது. அதுதான் ஏற்பாடு.

ஏற்பாடு நன்றாகத்தான் இருந்தது. அதில் மாட்டிக்கொண்டவள் நான். இடையில் ஓடிய தொலைபேசி நிறுவனத்தின் லைன் கொஞ்சம் முணுமுணுத்தால் போதும், ஜோடி பிரிந்துவிடும். உடனே என் இடுப்பில் பேஜர் அலறும். ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது ஒரு பெட்டியின் முன்னால் நான் நிற்க வேண்டும் என்பது உத்தரவு. அதனால் இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஈப்போகூட எனக்கு வெளிநாடுதான். பெரிப் படகுக்கும் பாலத்துக்கும் எட்டிய தூரம்தான் என் உலகம். லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடைக்கு மேலே அறை எடுத்துத் தங்கியிருந்தேன். கீழே நாள் முழுக்கப் பாட்டு, மேலே நான், இடுப்பில் அந்தச் சனியன்.

என் கணவருக்கு நாட்டின் தென்கோடியில் இருக்கும் ஜொகூர் பாருவுக்கு மாற்றல் வந்தபோது மகளுக்கு நான்கு வயது. நானும் கிளம்பியிருப்பேன். ஆனால் நிறுவனம் என்னைச் சிங்கப்பூருக்கு அனுப்பி இந்த வேலையைப் படிக்க வைத்திருந்தது, அதற்குப் பதிலாக, பாதியில் விட்டால் பணம் கட்ட வேண்டும் என்று ஒரு பாண்டில் கையெழுத்து வாங்கியிருந்தது. ஜாமீன் போட்டவர் என் கணவர். நான் ஓடினால் அவர் சம்பளம் அதிலேயே கரைந்துவிடும். அலறும் பேஜரோடு குழந்தையை வைத்துக்கொள்ளவும் வழியில்லை. கணவரின் தங்கை, கல்யாணமாகாதவள், அவர்களோடு போய் இருந்து மகளைப் பார்த்துக்கொண்டாள். கெட்டிக்காரி, பாசமானவள். அவள்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. அதை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

என் மேலாளர் ஹொக்கியன் சீனர், கெட்டவர் இல்லை. "உன் இடத்துக்கு ஓர் ஆளைத் தயார் செய். அந்த ஆள் தனியாக ஒரு முழு மாற்றம் செய்து காட்டட்டும். அன்றைக்கே பாண்டிலிருந்து உன்னை விட்டுவிடுகிறேன்" என்றார். முழு மாற்றம் என்றால், வேலையைத் தீவிலிருந்து மாக் மண்டினுக்கு மாற்றி, அங்கே கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பிறகு தீவுக்கே திருப்பிக் கொண்டுவருவது. நானும் ஆள் தயார் செய்தேன். முதல் ஆள் வேலை படித்த கையோடு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றுக்குத் தாவினான். இரண்டாவது ஆளும் அதே வழியில் போனான். அந்தத் தொழிற்சாலைகளுக்கு நான் இலவசப் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

மூன்றாவதாக வந்தவர் ஓர் அக்கா. நாற்பது தாண்டியவர், நாடா மாற்றும் பிரிவில் நெடுநாள் இருந்தவர். கணவருக்குப் பட்டர்வொர்த்தில் கடை, எங்கேயும் தாவ மாட்டார். மெதுவாகத்தான் கற்றார், ஆனால் கற்றது நின்றது. அதற்குள் மகளுக்கு ஆறு வயது முடிந்திருந்தது, அடுத்த ஜனவரியில் ஒன்றாம் வகுப்பு சேர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் அதையேதான் பேசினாள்.

"மா, ஸ்கூல் மொத நாளு நீதான் வரணும். அத்தை வேணாம். நீ."

"வரேன்டா. அதுக்குள்ள நான் அங்கயே வந்துருவேன், பாரு" என்று சொன்னேன். அக்காவை நம்பித்தான் சொன்னேன்.

பாக்கி இருந்தது, மாற்றத்துக்கு ஒரு நாள் குறிப்பது மட்டும். பினாங்கில் அது லேசான காரியம் இல்லை. மேலாளர் சீனப் பஞ்சாங்கம் பார்க்காமல் ஒரு பிளக்கைக்கூடப் பிடுங்க மாட்டார். அதில் ஒவ்வொரு நாளுக்கும் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று இருக்கும்: முடி வெட்டலாம், கிணறு தோண்டக்கூடாது, இப்படி. வால்யூம் மாற்றம் எந்தக் கணக்கில் வரும்? ஒரு கூட்டம் முழுக்க அதைப் பேசி, கடைசியில் "வீடு மாறுவது" என்று முடிவு செய்தார்கள். லைன் பார்க்கும் மலாய் அதிகாரிக்கு வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை, அது ஆகாது. பெட்டியைப் பராமரிக்கும் இன்ஜினியர் நம்மவர், நாங்கள் அண்ணே என்று கூப்பிடுவோம். அவர் ராகு காலத்தில் பெட்டிக் கதவைத் திறக்க மாட்டார். மாதக் கடைசி கணக்குப் பிரிவுக்கு ஆகாது. நானும் சும்மா இல்லை, தேய்பிறை அஷ்டமி வந்தபோது வாயைத் திறந்தேன். இப்படியே நாள் தள்ளித் தள்ளிப் போய், டிசம்பரில் ஒரு ஞாயிறு அகப்பட்டது. எமகண்டம் ஒன்றரைக்கு முடியும், ராகு காலம் நாலரைக்குத் தொடங்கும். மேலாளரின் பஞ்சாங்கத்தில் ஐந்து வரை வீடு மாறலாம். ஆக ஒன்றரையிலிருந்து நாலரை வரைதான் எங்களுக்கு.

அன்று மாக் மண்டின் இயந்திர அறையில் மேலாளர், இன்ஜினியர், அக்கா, நான். ஜன்னல் இல்லாத அறை, எலும்பைத் துளைக்கும் குளிர். அக்கா திரைக்கு முன்னால், நான் பக்கத்தில். மேலாளர் எனக்கு வைத்த நிபந்தனை ஒன்றுதான்: கை வைக்கக்கூடாது, வாயும் திறக்கக்கூடாது. தெய்வமே என்று கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

போகிற பாதி அழகாக நடந்தது. அக்கா ஒவ்வொரு கட்டளையையும் தட்டி, உதட்டை அசைத்துப் படித்துப் பார்த்து, அப்புறம்தான் அனுப்பினார். வேலை மாக் மண்டினுக்கு வந்து ஓடியது. எனக்குள் ஒரு பேருந்து ஜொகூருக்குக் கிளம்பிவிட்டது.

திரும்புகிற பாதியில்தான் சிக்கல். மாக் மண்டினில் புதிதாக எழுதப்பட்டதையெல்லாம் முதலில் தீவுக்கு நகலெடுக்க வேண்டும். அது முழுதாக முடிந்த பிறகுதான் தீவுப் பெட்டியை மறுபடி தலைமையாக்கலாம். முடியாமல் மாற்றினால் தீவில் இருப்பது பாதி வெந்த சோறு. அதோடு போகாது. ஜோடி தன் வேலையை ஒழுங்காகச் செய்து, அந்தப் பாதி வெந்ததை இங்கே இருக்கும் நல்ல பிரதியின்மேலும் எழுதிவிடும். அன்று லைன் மந்தமாக இருந்தது. திரையில் எண்பது, எண்பத்தைந்து என்று எண் நொண்டியது. நான்கு மணி தாண்டியதும் இன்ஜினியர் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

"அக்கா, நாலரைக்கு முன்னுக்கு தட்டிருங்க லா. ராகு காலத்துல திருப்புனா விளங்காது."

"தெரியும் தம்பி. நானும் அதத்தான் பாக்கறேன்" என்றார் அக்கா. நெற்றியில் வியர்வை, அந்தக் குளிரிலும்.

ஏற்கெனவே தொடங்கிய வேலைக்கு ராகு காலம் கிடையாது, ஐந்து மணி வரை காத்திருங்கள் என்று நான் சொல்லியிருப்பேன். சொல்லத்தான் முடியாதே. எண் தொண்ணூற்றாறில் நின்றது. இன்ஜினியர் "அக்கா" என்றார், மறுபடியும் "அக்கா" என்றார். அக்கா முருகனைக் கூப்பிட்டுக்கொண்டு, திருப்பும் கட்டளையைத் தட்டி அனுப்பிவிட்டார்.

திரை கேட்டது: பிரதி இன்னும் முழுமை அடையவில்லை, கட்டாயமாக மாற்றவா? அந்தப் பெட்டி எதற்கெடுத்தாலும் நிச்சயமா நிச்சயமா என்று கேட்கும். ஆம் என்று தட்டித் தட்டி எங்கள் எல்லோர் விரலும் பழகிப்போயிருந்தது. அக்காவின் விரல் அந்தப் பழக்கத்தில் Y எழுத்துக்குப் போனது. அவர் கண் திரையில் இல்லை, சுவர்க் கடிகாரத்தில் இருந்தது.

நான் யோசித்தேன். யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். பள்ளிக்கூட வாசலில் நிற்கும் மகளைப் பார்த்தேன். தட்டட்டும், கெட்டுப்போனது தெரிவதற்குள் நான் ஜொகூரில் இருப்பேன், எனக்கென்ன என்று மனம் சொன்னது. அதற்குள் என் கை அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டது.

"வேணாங்க்கா. படிச்சிப் பாருங்க."

படித்தார். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு அப்படியே பின்னால் சாய்ந்தார்.

ஐந்துக்குச் சற்று முன் எண் நூறைத் தொட்டது. ராகு காலம் ஓடிக்கொண்டிருக்க, நானே தட்டித் திருப்பினேன். விளங்காமல் போகவில்லை, எல்லா ஜோடியும் சரியாகச் சேர்ந்தது. மேலாளர் என் தோளைத் தட்டி, நல்ல காரியம் செய்தாய் என்றார். பிறகு அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நாட் ரெடி லா. சீனப் பெருநாளுக்கு அப்புறம், பிப்ரவரி வாக்கில், இன்னொரு நாள் பார்ப்போம்."

ஒரே ஒரு நாள் விடுப்பு, பள்ளி திறக்கும் நாளுக்கு மட்டும், என்று கேட்டேன். யாரை நம்பிப் பெட்டியை விடுவது என்று கேட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு அழுதார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அவர் தோற்றதற்காக அல்ல, அவர் அழுததற்காக. அழ வேண்டியவள் நான்.

கணவரிடம் தொலைபேசியில் சொன்னேன். "சரி, தங்கச்சிய அனுப்பறேன்" என்றார். மகள் பேச வரவில்லை. தூங்குகிறாள் என்றார்கள். மாலை ஆறு மணிக்கு எந்தக் குழந்தை தூங்கும்?

பள்ளி திறந்த அன்று லைன் மறுபடி முணுமுணுத்தது. நாள் முழுக்க மாக் மண்டினில், பிரிந்த ஜோடிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் அறைக்கு வெளியே இருந்த தொலைபேசியில் ஜொகூரைக் கூப்பிட்டேன். இந்த முறை மகளே எடுத்தாள். கோபமெல்லாம் இல்லை. புது ஷூ கடித்ததைச் சொன்னாள், பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை அழுததைச் சொன்னாள்.

"நீ அழலியா?"

"இல்லமா. அத்தை கிளாஸுக்குள்ளயே வந்தாங்க. டீச்சர் அத்தைய காட்டி, இவங்கதான் அம்மாவான்னு கேட்டாங்க."

"நீ என்னா சொன்ன?"

"ஆமான்னு சொல்லிட்டேன்."

உள்ளே பெட்டிகளின் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது.

"தப்பாமா?" என்றாள்.

"தப்பில்லடா" என்றேன்.